சந்தனம் பூசிய டிஷ்

பழைய கடையில் என்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் போன மாதம் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் அடுக்குமாடி வீட்டுக்கு வந்திருந்தார்கள். கட்டிலும் அடுப்புமாக ஓடும் மோட்டார்ஹோம் வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள், வண்டிக்கு டிவி பொருத்தித் தரச் சொல்லி ஆட்கள் கேட்கிறார்கள் என்று பேச்சு வந்தது. தேநீர் குடித்து முடித்ததும் ஒருவன் கேட்டான்.

"மணியம் அண்ணே, வண்டிக்கு டிஷ் போட்டதுல ரொம்பக் கஷ்டமான வேலை எது?"

"ஒரு டிஷ்ல இருந்து சந்தனத்தை எடுத்தது" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். "அண்ணே ரிட்டையர் ஆனதும் கதை விட ஆரம்பிச்சிட்டாருலா" என்றான் இன்னொருவன். சரி, சிரிக்கட்டும். அவர்கள் போன பிறகு மாடி நடையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து தென்மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. மற்றவர்களுக்கு அங்கே மேகம் தெரியும். எனக்கு அந்த மேகத்துக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல், அசையாமல் நிற்கும் ஒன்று தெரியும். தெரிகிற மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை கற்றுக்கொண்ட கதையை நீட்டப் போவதில்லை. மீன் முள் மாதிரி இருக்குமே, அந்தப் பழைய ஏரியல்களைத் தகரக் கூரைகளில் கட்டத் தொடங்கினேன். பிறகு டிஷ் வந்தது. கையில் பிடித்திருந்த கம்பி மாறியதே தவிர, கூரையும் வெயிலும் மாறவில்லை. முதல் வாரமே ஒன்று புரிந்துவிட்டது. நம் ஊரில் டிஷ் கிட்டத்தட்ட மல்லாந்து படுத்திருக்கும். நமக்கான சாட்டிலைட் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே, கொஞ்சமே தென்மேற்காகச் சாய்ந்து நிற்கிறது. அதனால் மழை பெய்தால் டிஷ்ஷில் தண்ணீர் தேங்கும். மைனா வந்து குளிக்கும். வாடிக்கையாளர் போன் போட்டு, படம் போய்விட்டது என்பார். நான் ஏணி போட்டு ஏறி மைனாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு வருவேன்.

கடை முதலாளி ஒரு சீனர். டவுக்கே என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். மெலிந்த மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் வேலையைப் பார்க்க அவர் வந்தால் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் போய் ஓர் ஓரமாக உட்கார்ந்துவிடுவார். டிவியையும் பார்க்க மாட்டார். டிவி பார்க்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். படம் வந்துவிட்டது என்று நாங்கள் கருவிப் பெட்டியை மூடினால் "நந்தி டூலு" என்பார். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

அவர் கடையில் ஒரு சட்டம் இருந்தது. எதைப் பார்க்க ஆசைப்பட்டு டிஷ் வாங்கினார்களோ, அதை அவர்கள் பார்க்கிற வரைக்கும் நாங்கள் கிளம்பக் கூடாது. பந்து விளையாட்டுக்காக வாங்கினால் பந்து உருள வேண்டும். நாடகத்துக்காக வாங்கினால் நாடகத்தில் யாராவது அழ வேண்டும். எத்தனை வீடுகளில் காத்திருந்து எத்தனை மாமியார்களிடம் தேநீர் வாங்கிக் குடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. அப்போது டவுக்கேயை மனதுக்குள் திட்டியிருக்கிறேன். வேறு கடைக்காரன் அதற்குள் மூன்று வீடு முடித்திருப்பான்.

வண்டிகளுக்கு டிஷ் போடுவது தனி உலகம். வண்டி ஓடும்போதே படம் தெரிய வேண்டும் என்று பலர் வருவார்கள். அப்படி ஓடும்போதும் சாட்டிலைட்டை விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் கருவிகள் உண்டு, விலையைச் சொன்னால் ஓடுவது அவர்களாகத்தான் இருக்கும். ஒரு பணக்காரர் வெளிநாட்டிலிருந்து தருவித்த வண்டியை ஒருமுறை கொண்டுவந்தார். கூரை மேல் வெள்ளைக் கூடு, அதற்குள் தானாகவே தேடும் டிஷ். பொத்தானை அழுத்தினால் அது சுற்றியது, சுற்றியது, படுக்க இடம் தேடும் நாய் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. குளிர் நாடுகளில் சாட்டிலைட் அடிவானத்துப் பக்கம் தாழ்ந்து நிற்கும். அந்தக் கருவி அதற்காகச் செய்தது. நம் ஊரில் உச்சியைப் பார்க்க அதற்குக் கழுத்து வளையவில்லை. டவுக்கே அதைச் செல்லமாகத் தட்டி, "பாவம், இதுக்கு நிமிர்ந்து பாக்கப் பழக்கமில்ல" என்று மலாயில் சொன்னார்.

என் வேலைக் காலத்தின் கடைசிப் பகுதியில்தான் சிவபாதம் சார் கடைக்கு வந்தார். பாகான் டாலாமில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், இங்கே மூன்றாம் தலைமுறை. ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக் காலம் முழுக்க மற்றவர்களை ஊர் ஊராக அனுப்பி வைத்தவர், மனைவியை ஈப்போ தாண்டிக் கூட்டிப் போனதில்லை. அந்தக் குறை அவரை அரித்திருக்கிறது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த பழைய பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, மின்விசிறி, சின்னச் சாமி தட்டு எல்லாம் வைத்து வீடாக மாற்றியிருந்தார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் பேனா. பேச்சு அளந்துதான் வரும்.

"அவவுக்கு ஒவ்வொரு நாளும் பின்னேரம் தமிழ் நியூஸ் பாக்கவேணும் தம்பி. அது இல்லாட்டி வரமாட்டன் எண்டு நிக்கிறா" என்றார்.

"போன்லேயே பாக்கலாமே சார்?"

"லைன் எல்லா இடமும் வராது. வந்தாலும் முகம் நகத்தளவுதான் தெரியுதெண்டு சொல்லுறா."

செய்தி பார்க்கத் துடிக்கும் அம்மாவை அதுவரை நான் பார்த்ததில்லை. நாட்டு நடப்பில் அவ்வளவு அக்கறையா என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு நான் சொன்ன யோசனை எளிது. டிஷ்ஷைக் கூரையில் பொருத்த வேண்டாம். நம் வெயிலில் எவனும் வண்டியை மர நிழலில்தான் நிறுத்துவான். தலைக்கு மேலே கிளை இருந்தால் டிஷ்ஷுக்கு வானம் மறைந்துவிடும். பஸ் நிழலில் நிற்கட்டும், டிஷ் மூன்று கால் தாங்கியில் தனியாக வெட்டவெளியில் நிற்கட்டும், நடுவில் நீளமான கேபிள் ஓடட்டும். ஆனால் நிறுத்தும் ஒவ்வோர் ஊரிலும் யாராவது அதை விரித்துச் சரிபார்த்தாக வேண்டும்.

"அவர்தான் செய்யவேணும். எனக்கு முழங்கால் ஏலாது" என்றார் அவரோடு கடைக்கு வந்திருந்த மனைவி. புவனேஸ்வரி அக்கா.

பாகான் டாலாம் வீட்டு முற்றத்தில் வைத்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். முதலில் தாங்கியை மட்டமாக நிறுத்த வேண்டும். நீர்மட்டக் கருவியின் குமிழி நடுவில் நிற்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிறகு பஸ்ஸை விட்டு நாலடி தள்ளிப் போய் திசைகாட்டியைப் பார்க்க வேண்டும், பஸ்ஸின் இரும்பு முள்ளை இழுத்துவிடும். பிறகு சாய்வு. பிறகு டிஷ்ஷை மயிரிழை திருப்பிவிட்டு நிற்க வேண்டும். இங்கேதான் பலர் தோற்பார்கள். உள்ளே டிவியோடு இருக்கும் பெட்டி சிக்னலைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு மறுபடியும் திருப்பினால் வந்ததும் போய்விடும். திருப்பு, நில், மூச்சு விடு, மறுபடியும் திருப்பு. கடைசியில் காற்றுக்குச் சாயாமல் இருக்கத் தாங்கியின் நடுவே தண்ணீர்ப் போத்தலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். டிக்கெட் கொடுத்த கை என்பதால் நிதானம் இருந்தது. நன்றாகவே செய்தார்.

படம் வந்தபோது செய்தி நேரம் நெருங்கியிருந்தது. சட்டப்படி நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். சிவபாதம் சார் திடீரென்று ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு செடிகளுக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். அன்று மத்தியானம்தான் நல்ல மழை பெய்திருந்தது.

திரையில் ஒரு பெண் கை கூப்பி வணக்கம் சொன்னாள். அக்காவின் கையும் மடியிலிருந்து மெல்ல எழுந்து கூப்பிக்கொண்டது.

"இவ என்ர மகள் தம்பி" என்றார்.

பெயர் அபிராமி. கோலாலம்பூரில் வேலை. கூடப் படித்த சீனப் பையன் ஒருவனைத் தன் விருப்பத்தில் கட்டிக்கொண்டாள். அன்றோடு அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா போனில் பேசுவார், ஆனால் வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை. அவள் முகம் மட்டும் ஒவ்வொரு பின்னேரமும் வரும். அந்த நேரம் பார்த்து அப்பா செடிக்குத் தண்ணீர் விடுவார்.

"ஒரு நாளாவது இந்தக் கதிரையில வந்து இருக்கமாட்டாரா எண்டு பாக்கிறன். அந்தச் செடியள் எல்லாம் தண்ணியில அழுகிப் போச்சு" என்றார் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் மதிற்சுவரைப் பார்த்தபடி ஒரே செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

புறப்படும் நாள் வந்தது. காலையில் கோயிலில் வண்டிக்குப் பூசை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, தேங்காய் உடைந்தது, பஸ்ஸின் நெற்றியில் மாலை ஏறியது. முதல் இரவு தங்கல் எதிரே தீவில் இருக்கும் பாலிக் பூலாவ் பக்கத்துக் கடற்கரை, மறுநாள் அங்கிருந்து நாட்டின் கிழக்குக் கரை என்று திட்டம். வெளியூரில் விரிக்கும் முதல் நாள் என்பதால் நானும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். தீவுக்குப் போகும் நீண்ட பாலத்தில் அந்த மாலையிட்ட பஸ் முன்னே போக, இரண்டு பக்கமும் கடல் பால் மாதிரி அசையாமல் கிடந்தது. ஒரு வீடு தன் அடுப்பையும் கட்டிலையும் தூக்கிக்கொண்டு கடலைக் கடக்கிறது, அதன் பின்னால் நான் போகிறேன் என்று நினைக்க எனக்கு நிஜமாகவே தூக்கத்தில் போவது போல் இருந்தது.

கடற்கரையில் சவுக்கு மரங்களுக்கு அடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். சார் தாங்கியை மணலில் விரித்தார். குமிழி நடுவில் நின்றது. திசை சரி, சாய்வு சரி. டிஷ்ஷின் கை நுனியில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வானத்திலிருந்து வருவதை வாங்கிக் கேபிளுக்குள் அனுப்புவது அதுதான், நாங்கள் மூக்கு என்போம். பயணத்தில் அடிபடாமல் அதற்கு அக்கா ஒரு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார். சார் அதை அவிழ்த்தார். உள்ளே சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. பூசை போட்ட வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அது பெரிதாகப் படவில்லை.

படம் வரவில்லை.

சார் திருப்பினார், நின்றார், மூச்சு விட்டார். வரவில்லை. நான் வாங்கித் திருப்பினேன். வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டினேன், பஸ்ஸுக்குள் இருந்த பெட்டியை அணைத்துப் போட்டேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சூரியன் கடலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

"வருதா?" என்று வெளியிலிருந்து நான் கேட்க, "இல்லைத் தம்பி" என்று உள்ளிருந்து அக்கா சொல்ல, இதே பாட்டுத்தான்.

கடைசியில் அக்கா படியில் வந்து நின்றார். "என்னால ஏலாது. முதல் நாளே பிள்ளையின்ர முகம் இல்லையெண்டால் இந்தப் பயணம் வேண்டாம். வீட்டுக்குத் திருப்புங்கோ" என்றார். கோபமில்லை, களைத்துப்போன குரல். சார் கடல் பக்கம் நடந்து போய் நின்றுகொண்டார். எத்தனை மாதமாக ஆசை ஆசையாகச் செய்த பஸ். அவர் முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் மூக்கை விரலால் தொட்டுப் பார்த்தேன். பொட்டு இல்லை அது, காப்பு. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை அக்கா மூக்கு முழுக்க அடை மாதிரி அப்பியிருந்தார். பிளாஸ்டிக் பைக்குள் இருந்ததால் காலையில் பூசியது இன்னும் சொதசொதவென்று ஈரமாக இருந்தது. காய்ந்த சின்னப் பொட்டு ஒன்றும் செய்யாது. ஈரம் அப்படியல்ல, மழை படத்தைத் தின்பதும் ஈரத்தால்தான். வானம் முழுக்கத் தெளிவாக இருக்க, இங்கே மூக்கின் மேலேயே ஒரு மழை உட்கார்ந்திருந்தது.

துணியை எடுத்தேன். அக்கா பதறிவிட்டார்.

"ஐயோ தம்பி, துடைக்காதையுங்கோ! பயணம் வெளிக்கிட்ட நாளில பொட்டை அழிக்கிறதே? பிள்ளை வாற வழியெண்டுதான் அதுக்கு நிறையப் பூசினனான்."

நான் துணியும் கையுமாக நின்றேன். என் தொழிலில் கிளையை வெட்டியிருக்கிறேன், குளவிக்கூட்டைக் கலைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை போட்டிருக்கிறேன். ஒரு தாய் தன் மகள் வரும் வழிக்கு வைத்த பொட்டை அழிப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. வைத்தால் மகள் முகம் இல்லை, எடுத்தால் அக்காவின் மனம் ஆறாது. அவரும் அதை அறிந்துதான் டிஷ்ஷையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் திரும்பி வந்தார். எங்கள் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். குனிந்து மோதிர விரலால் அந்தச் சந்தனத்தைத் தொட்டு எடுத்தார். திருநீற்றுக்குக் கீழே தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மறுபடியும் எடுத்து அக்காவின் நெற்றியில் வைத்தார். மூன்றாவது முறை என் பக்கம் கையை நீட்டினார், நானும் நெற்றியைக் காட்டினேன். மிச்சத்தை வழித்து இரண்டு கைகளிலும் பூசிக்கொண்டார். மூக்கு வெள்ளையாகிவிட்டது.

"அழிக்கேல்ல. பிரசாதமா எடுத்தது" என்றார் மனைவியிடம்.

அக்கா தலையை ஆட்டிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வேகமாக உள்ளே ஏறினார். ஒட்டியிருந்த ஈரத்தை நான் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம்.

"வந்திட்டுது! வணக்கம் சொல்லப் போறாள், வாங்கோ!"

சார் அசையவில்லை. தாங்கியைப் பிடித்துக்கொண்டு, "காத்து வருது தம்பி. நான் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன்" என்றார். காற்றே இல்லை. தொங்கவிட்ட தண்ணீர்ப் போத்தல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் எனக்கு டவுக்கே ஞாபகம் வந்தார்.

"சார், எங்க கடையில ஒரு சட்டம் இருக்குலா. டிஷ் வாங்கினவங்க பாக்காம நாங்க கிளம்பக் கூடாது. வாங்கினது நீங்கதானே? இருட்டுறதுக்கு முன்னாடி நான் வீட்டுக்குப் போகணும். நீங்க போய்ப் பாருங்க, நான் பிடிச்சுக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "உங்கட டவுக்கே பொல்லாத ஆள்" என்றார். சந்தனம் பூசிய கையைத் தாங்கியிலிருந்து எடுத்தார். செருப்பைப் படியடியில் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, யார் வீட்டுக்கோ முதல்முறை போகிறவர் மாதிரி, தலையைக் குனிந்து பஸ்ஸுக்குள் ஏறினார்.

காற்றில்லாத கடற்கரையில், விழாத ஒரு டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். திரை எனக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது. எங்கோ வெள்ளம், ஏதோ விலையேற்றம் என்று அபிராமி வாசித்துக்கொண்டே போனாள். கடல் செம்மண் நிறத்துக்கு மாறி, பிறகு ஈய நிறத்துக்கு மாறியது. தூரத்தில் ஒரு மீன்பிடிப் படகு நகர்வதே தெரியாமல் நகர்ந்தது. கோலாலம்பூரில் ஓர் அறையில் பேசும் குரல் மேலே போய், அங்கே அசையாமல் நிற்கும் அதைத் தொட்டுத் திரும்பி, என் கைப்பக்கமாக இறங்கி, கேபிள் வழியாக அந்த இரண்டு பேரிடம் போகிறது. எத்தனையோ ஆண்டு செய்த வேலைதான். அன்று பார்த்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

செய்தி முடிகிற நேரத்தில் உள்ளேயிருந்து சாரின் குரல் கேட்டது.

"பிள்ளை மெலிஞ்சு போனாள்."

நான் செய்தி முடிந்து வெகுநேரம் வரை டிஷ்ஷை விடவில்லை.

மறுநாள் பின்னேரம் அவரிடமிருந்து போன் வந்தது. தைப்பிங்கில் நிற்கிறார்களாம், நல்ல மழையாம், என்ன செய்வது என்றார். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் மழை விடக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றேன். அதற்கு மறுநாள் ஈப்போ. டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்ப என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மேற்கே சார். தெற்கே போகப் போக மேற்குப் பக்கம் திருப்பிக்கிட்டே வரணும். ஆனா நீங்க கிழக்குக் கரைக்குப் போறதாத்தானே சொன்னீங்க?"

"ஓம், அப்பிடித்தான் சொன்னது" என்றார். "பஸ் தெற்கே போகுது."

அதற்குப் பிறகு தஞ்சோங் மாலிம். அப்போதும் இன்னும் கொஞ்சம் மேற்கே என்றேன். அடுத்த நாள் பின்னேரம் போன் வரவில்லை. செய்தி தொடங்கிவிட்டது, என் வீட்டு டிவியில் அபிராமி வணக்கம் சொல்லிவிட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானே கூப்பிட்டேன்.

"சார், இன்னிக்குப் படம் வந்திச்சா?"

"இண்டைக்கு டிஷ் விரிக்கேல்ல தம்பி."

"ஏன் சார், மழையா?"

"மழை இல்லை. வானம் நல்ல வெளிச்சமாத்தான் கிடக்கு." கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "கோலாலம்பூரில அவளின்ர வீட்டுக்குள்ளதான் இருக்கிறம். நாங்கள் வந்திருக்கிறது அவளுக்குத் தெரியாது. நியூஸ் வாசிச்சு முடிச்சிட்டு வருவாள். மருமகன் தேத்தண்ணி போட்டுத் தந்தவர். பாலும் இல்லை, சீனியும் இல்லை. குடிச்சிட்டன்."

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "சத்தம் போடாதையுங்கோ, பிள்ளை வாசிக்கிறாள்!" அவர் போனை வைத்துவிட்டார்.

என் டிவியில் அபிராமி கடைசிச் செய்தியை வாசித்து முடித்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டு வாசலில் மாலை வாடிய ஒரு பஸ்ஸைப் பார்க்கப் போகிறவள், எதுவும் தெரியாமல் கை கூப்பினாள். டவுக்கேயின் சட்டப்படி அந்த டிஷ் வேலை முடிந்து நான் கிளம்பியது அன்றைக்குத்தான்.